நல்ல நிலையில் ஓர் ஐஸ் பெட்டி

எங்கள் தாராபுரத்தில் முதலில் காணாமல் போனவர் பல் டாக்டர்.

ஆள் எங்கும் போய்விடவில்லை. கடை வீதி முனையில் பழைய இடத்திலேயேதான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் கடைகளுக்கு மார்க் போடும் ஊர்க்கண் எந்திரம் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஊர்க்கண் எடுத்துவிட்டால் அங்கே ஒரு கடை இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரனே ஒத்துக்கொள்ள மாட்டான். வண்டியில் ஏறி 'பல் டாக்டர்' என்றால், அது உங்களை வாயைப் பிடித்தபடியே உடுமலைக்குக் கூட்டிக்கொண்டு போகும். பிடிவாதமாக நடந்தே போனாலும் கடையில் கரண்டு இருக்காது. காசு கொடுத்தால் அவர் கணக்கில் ஏறாது. எடுக்கப்பட்ட பெயரில் ஆயுசுக்கும் வேறு கடையும் போட முடியாது. இப்போது அவர் கொளத்துப்பாளையத்தில் மச்சான் தோட்டத்தில் முருங்கைக்காய் கட்டுக் கட்டுகிறார். கட்டு ஒவ்வொன்றும் பல்வரிசை மாதிரி அத்தனை அழகு.

அவர் செய்த குற்றம், வலிக்கவைத்தது.

அந்தக் காலத்தில் கடைகளுக்கு நட்சத்திரத்தை ஜனங்கள் கையால் போட்டார்கள். எங்கள் ஊர்ப் புரோட்டாக் கடைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கிராமமே திரண்டு வந்து 'சால்னா அபாரம்' என்று எழுதிவைத்தது. பொய் பெருகிப்போய், வாயைக் கேட்காதே, நாடியைக் கேள் என்று ஊர்க்கண் கம்பெனிக்காரன் முடிவுக்கு வந்தான். ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தான். கடைக்குள் இருக்கும்போதும் கிளம்பும்போதும் உங்கள் நாடி, வியர்வை, மூச்சு எப்படி இருக்கிறதோ அதுதான் மார்க். ஐந்துக்கு இத்தனை. இரண்டுக்குக் கீழே ஒரு பருவம் கிடந்தால் கடை அவுட். பல் டாக்டருக்குப் பின்னால் ஊசி போடும் நர்ஸ் போனார், கணக்கு டியூஷன் வாத்தியார் போனார், கண்ணில் தண்ணீர் வரவழைத்த குற்றத்துக்காக வெங்காய மண்டி போனது. வெங்காய மண்டி விஷயத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். மற்றதெல்லாம் நிஜம்.

இப்படிப்பட்ட ஊரில் என் சிநேகிதன் நாச்சிமுத்து செய்துகொண்டிருந்த தொழில், ஐஸ் பெட்டி வாடகை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி. அவனிடம் இரண்டு பெட்டியும் ஒரு வேனும் இருந்தன. சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் ஆளைப் பார்க்க மாட்டான். சுவரில் பிளக் எங்கே என்றுதான் பார்ப்பான். சோபாவை நகர்த்தி, தலை தெற்கே வருகிற மாதிரி பெட்டியை வைத்து, சொருகி, அது உறுமுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, வேட்டியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு பேசாமல் இறங்கிப் போய்விடுவான். அந்த வீட்டில் யாரும் அவனை 'வாங்க' என்று சொல்வதில்லை, அவனும் 'வர்றேன்' என்று சொல்வதில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொன்னால் அடுத்த சாவுக்கு அச்சாரம் போட்ட மாதிரி ஆகிவிடும். காபி கொடுத்தாலும் தொட மாட்டான்.

என் வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் அந்த 'வர்றேன்' அவனிடமிருந்து கொட்டும். வாசலில் ஒரு 'வர்றனுங்ணா', கேட்டில் ஒன்று, வேனில் ஏறித் தலையை நீட்டி இன்னொன்று. தொழிலில் சொல்ல முடியாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் என் தலையில் கொட்டுகிறாயா என்று கேலி செய்வேன்.

நான் போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பஸ்ஸில் ஏறினால் டிரைவரே சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார். டிக்கெட் இல்லாதவனைப் பின்னந்தலையைப் பார்த்தே சொல்வேன். இப்போது எனக்கிருக்கும் ஒரே உத்தியோகம் பேசுவதுதான். மகன் நவநீதனும் மருமகள் கிருத்திகாவும் என் கதைகளுக்கு அடிமைகள். காலை இட்லியில் ஆரம்பித்தேன் என்றால் ராத்திரி மாத்திரையோடுதான் நிறுத்துவேன். சில நாள் அவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வதும் உண்டு.

நாச்சிமுத்துவின் மார்க் ஒன்றுக்கும் கீழே போய்ச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அவனுடைய பெட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அழுதிருந்தார்கள். ஊரிலேயே இவ்வளவு பேரை அழவைத்த கடை வேறில்லை. அவனை எடுத்துவிட்டால் பெட்டி கோயமுத்தூரிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு, அது வருவதற்குள் இறந்தவரே எழுந்து நிழலுக்குப் போய்விடுவார். ஆனால் ஊரைவிட அவனுக்குத்தான் பயம். வேறு எதுவும் தெரியாதவன். முருங்கைக்காயைக்கூட நெருக்கிக் கட்டத் தெரியாது.

முறையிடுவோம் என்று என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஊர்க்கண்ணைக் கூப்பிட்டோம். தேனில் குழைத்த பெண் குரல் ஒன்று வந்தது. எந்திரம்தான்.

"வணக்கம் நாச்சிமுத்து. உங்கள் வாடிக்கையாளர்கள் கிளம்பும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறார்கள். சேவையில் என்ன குறை என்று யோசித்தீர்களா?"

"செத்துப்போயிர்றாங்க அம்முணி. அதுதானுங்க குறை."

"புரிகிறது. உங்களிடம் வந்தவர் யாரும் இரண்டாம் முறை வரவில்லை."

"வந்தாங்கன்னா பெட்டியைப் போட்டது போட்டபடி நான் ஓடிப்போயிருவனுங்க."

"கிளம்பும்போது 'நன்றி, மீண்டும் வாருங்கள்' என்று நீங்கள் சொல்வதாகவும் பதிவில்லை. சொல்லிப் பாருங்கள். சிறிய மாற்றம்தான்."

நான் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தேன். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "மீண்டும் வாங்கன்னு சொல்லோணுமாமா செக்கரண்ணா" என்று மெதுவாகக் கேட்டான்.

ஊர்க்கண் பட்டியலில் தொழிலின் இனமே தப்பு, மாற்றிப் போடுவோம் என்று நான் யோசனை சொன்னேன். 'குளிர்பதன வசதி' என்று போட்டோம். மறுநாளே ஒரு கல்யாணக் காண்டிராக்டர் அண்டா அண்டாவாகப் பாதாம் குல்ஃபியோடு வந்து வேனை மறித்துக்கொண்டார். போன வாரம் இதில் மூலனூர்ப் பெரியவர் படுத்திருந்தார் என்று நாச்சிமுத்து உண்மையைச் சொல்லிவிட்டான். காண்டிராக்டரின் நாடி போன போக்கில் இருந்த மார்க்கில் பாதி போனது.

கைப்பட்டையைக் கழற்றிவிட்டு அழச் சொல்லலாம் என்று பார்த்தால், கழற்றினால் மார்க் பூஜ்யம். வேறு வழியில்லாமல் நானே இரண்டு சாவு வீட்டில் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நகைச்சுவை சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டில் அடிக்க வந்தார்கள். இன்னொரு வீட்டில் நிஜமாகவே அடித்தார்கள்.

அப்போதுதான் அலங்கியத்தில் ஒரு கல்யாணச் சாவு வந்தது. நூறைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன கிழவர். கொள்ளுப்பேரன்கள் பறைக்கு ஆடினார்கள், வெடி போட்டார்கள், பந்தலில் சீட்டுக் கச்சேரி வேறு. அழுதது ஒரே ஒரு ஆடு, அதுவும் சமையல் பந்தலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்ததால். நாச்சிமுத்துவுக்கு நாலரைக்கு மேல் மார்க் விழுந்தது.

"இனி இந்த மாதிரிச் சாவுக்கு மட்டும் போடா" என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வயசாளி, பெரிய குடும்பம், கட்டிலோடு கிடந்தவர் என்று தேடித் தேடிப் போனோம். மார்க் ஏறியது, சிவப்பு போய் மஞ்சள் வந்தது. எந்திரத்துக்கும் நாங்கள் ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எந்த வீட்டில், யார் போனால் எப்படி இருக்கும் என்று அது படித்துக்கொண்டது.

பிறகு ஒரு காலை அதுவே செய்தி அனுப்பியது. 'உங்களுக்கொரு வாய்ப்பு. குண்டடம் சாலை, நீலக் கதவு வீடு. மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள்.'

வேனில் நானும் தொற்றிக்கொண்டேன். நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவிநாசியப்பன் என்று பெயர் சொன்னார். யாரைத் தேடுகிறோம் என்று கேட்டு ஆளுக்கொரு பிடி கடலை கொடுத்தார். வீடு மாறி வந்துவிட்டோம் என்று நான் சமாளித்தேன். அவர் வேனில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பொக்கை வாயால் சிரித்தார்.

"இன்னும் இருக்கறனப்பா. அப்பறமேட்டுக்கு வாங்க."

சத்தம் கேட்டு அவர் மகள் ஜன்னலுக்கு வந்தாள். வேனைப் பார்த்தாள். கோபப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நாங்கள் நிம்மதியாகத் திரும்பியிருப்போம். அவள் திட்டவில்லை. தன் கைப்பட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது நாச்சிமுத்து கடலையைத் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. "அதுக்கு எப்படிங்ணா தெரிஞ்சுது?" என்றான்.

எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். பட்டை ராத்திரியும் பகலும் கையில்தான் இருக்கிறது. அவர் இருமும்போது மகளின் நாடி என்ன செய்கிறது, அவர் ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டால் வீடு எப்படி மூச்சு விடுகிறது, எல்லாம் அதற்குத் தெரியும். அது யாரையும் கொல்லச் சொல்லவில்லை. இந்த ஆள் இல்லாமல் போனால் மார்க் நிறைய விழும் என்று மட்டும் சொல்கிறது.

"பொய்யா இருக்குமுங்ணா."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா. அதுதான் அதோட கோளாறு."

கொஞ்ச நாளிலேயே அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நாச்சிமுத்து போனான். பெரியவருக்கு நெஞ்சு மாத்திரை தீர்ந்துபோயிருந்ததாம். வாங்க மறந்துவிட்டார்களாம். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. வேன் வந்து நிற்கும்வரை அந்த வீட்டில் ஒருவருக்கும் தங்கள் மனசு தெரியாது. நின்ற பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மற்றவருக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. அப்புறம் மறதி வருவதற்கு என்ன கஷ்டம். மார்க் கிட்டத்தட்ட ஐந்து.

வாய்ப்புகள் மழையாகப் பெய்தன. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். தூறல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேனில் 'நல்ல நிலை' என்று பச்சை முத்திரை தானாக ஒளிர்ந்தது. எங்கள் ஊரில் யார் வேனுக்கும் அது கிடைத்ததில்லை. ஆனால் வேன் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அறுபது தாண்டியவர்கள் எல்லாம் வீட்டுக்குள் ஓடினார்கள். முட்டி வலி என்று வருஷக்கணக்கில் படுத்திருந்த ஒருத்தர் மதில் ஏறிக் குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். மருமகள்களிடம் மாமனார்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பால் போதும், சட்னி போதும், எனக்கெதற்கு டாக்டர் என்றார்கள். ஊரே இவ்வளவு மரியாதையாக இருந்து நான் பார்த்ததில்லை. தெருவில் விழுந்து விழுந்து சிரித்தவன் நான் ஒருவன்தான்.

நாச்சிமுத்து இளைத்துப் போனான். ஒவ்வொரு வாய்ப்பு வீட்டிலும் அந்த ஆளே வந்து கதவைத் திறக்கிறார், சிலர் தண்ணீர்கூடக் கொடுக்கிறார்கள், திரும்ப அவரையே பெட்டிக்குள் வைக்கும்போது அவர் பேசின குரல் காதில் இருக்கிறது என்றான். ஒருநாள் ஒரு வாய்ப்பை மறுத்தான். அடுத்ததையும் மறுத்தான். பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது. நல்ல சாவுகள் எல்லாம் ஊர்க்கண் வழியாகக் கோயமுத்தூர்ப் பெட்டிக்குப் போயின. பருவம் முடியப்போகிறது. அவன் என் வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டான்.

அவன் மனைவி மயிலாத்தாள்தான் வந்தாள். வாசலிலேயே நின்று பேசினாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்ணா. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு வந்திருக்குதாமா. இதுக்குப் போனா மார்க்கு முழுசா வுழுகும், நெலமை சரியாயிரும்னு எந்திரமே சொல்லுது. அதைப் பார்த்ததுலருந்து ஒரு வாய் சோறு திங்கலீங்க. யாரு ஊடுன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டீங்கறாரு."

"அவன் மாமன் வீடா இருக்கும். மாமன்னா அவனுக்கு உசுரு" என்று சிரித்தேன். ஒரு வீட்டுக்குப் போவதற்கு இவ்வளவு அழிச்சாட்டியமா, அவனை என்னிடம் அனுப்பு, நான் பேசுகிற பேச்சில் மாமனே பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் வந்தான். வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். கிருத்திகா சமையலறையில் இருந்தாள். நவநீதன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, உள்ளறையில் இருந்தான். நான் ஹாலில் சோபாவில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த சோபா என் மனைவி இருந்த காலத்திலிருந்து தெற்குச் சுவரோரம் கிடந்தது. போன வாரம்தான் கிருத்திகா அதை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டிருந்தாள். "இங்க உக்காருங்க மாமா, காத்து நல்லா வரும்" என்றாள். உண்மையிலேயே வந்தது. மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

நாச்சிமுத்துவைப் பார்த்ததும் ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஆட்டுக்கு டிக்கெட் கேட்ட கதையை ஆரம்பித்தேன். முன்பே கேட்டிருக்கிறான், இந்த முறை ஆட்டை இரண்டாக்கியிருந்தேன். அவன் சோபா நுனியில் உட்கார்ந்தான். கிருத்திகா காபி கொண்டுவந்தாள். எப்போதும் "வாங்கண்ணா, அக்கா வரலீங்களா" என்று கேட்பவள், அன்றைக்கு டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் சுடிதார்க் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

வியர்வையில் பட்டை நமைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தேன். இரண்டாவது ஆடு கண்டக்டரின் பையைத் தின்கிற இடம் வந்தது. அவன் சிரிக்கவில்லை. காபியில் ஆடை படிந்தது.

"என்னடா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு. மயிலாத்தா வந்து அழுதுபோட்டுப் போனா. ஒரு வீடுதானேடா. போயிட்டு வந்துட்டாத் தொழில் நிக்கும். யார் வீடா இருந்தா என்ன?"

அவன் முன்பு சோபா கிடந்த தெற்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் மறைந்து கிடந்ததால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளையடித்தது புதுசாக இருந்தது. நடுவில் ஒரு பிளக். யாரோ அதன் தூசியைத் துடைத்திருந்தார்கள்.

"அண்ணா" என்றான். "அந்தப் பிளக்குல கரண்டு வருதுங்களா?"

"வராம?" என்று வேகமாகச் சொல்லிவிட்டேன்.

டிக்கெட் இல்லாதவனைப் பின்னந்தலையிலேயே கண்டுபிடித்தவன் நான். என் வீட்டிலேயே நான் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. சமையலறையில் கரண்டிச் சத்தம் இல்லை. உள்ளறையில் நவநீதன் செருமவும் இல்லை. என் குரல் எங்கே போய் முடிகிறது என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்த மாதிரி வீடு அவ்வளவு அமைதி.

கதையை நடுவில் விட்டுப் பழக்கமில்லை. அதனால் முடித்தேன். ஆட்டுக்காரன் சொல்கிற கடைசி வரிக்கு நானே சிரித்தும் வைத்தேன். என் கையிலிருந்த பட்டை படபடவென்று துடித்தது. ஊர்க்கண் அதை எந்தக் கடையின் கணக்கில் எழுதியதோ.

நாச்சிமுத்து எழுந்தான். வேட்டியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டான். கண்களை என் பக்கம் திருப்பவே இல்லை. படியிறங்கிச் செருப்பைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டான்.

"அஞ்சுக்கு அஞ்சு வரும்டா" என்றேன் முதுகைப் பார்த்து. "இந்த வீட்டுல எல்லாருமே நல்லாச் சிரிக்கிற ஆளுங்க."

அவன் தோள் குலுங்கியது. வாசலில் கொஞ்சம் நின்றான். கேட்டில் கை வைத்துக் கொஞ்சம் நின்றான். தெருமுனையில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரை நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு இடத்தில்கூட அவன் 'வர்றேன்' என்று சொல்லவில்லை.